எல்லோரும் ராஜா வம்சம் என்றால் நாற்று நட்டது யார்?

சதாபிஷேகத்துக்குப் போனால் இப்போதெல்லாம் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு புத்தகமும் வருகிறது. வழவழ அட்டை. உள்ளே ஆலமரம் போட்டு, கிளைக்கு ஒரு பெயராக எழுதிய படம். தலைப்பு பெரும்பாலும் ‘எங்கள் வம்ச வரலாறு’. போன ஐந்தாறு வருஷத்தில் எனக்கு இப்படி நாலு புத்தகம் வந்து சேர்ந்திருக்கிறது. நாலு வீட்டாரும் வேண்டியவர்கள், அதனால் எந்த வீடு என்று சொல்லப்போவதில்லை. நாலு புத்தகத்திலும் ஒரு ராஜா இருக்கிறார். ஒன்றில் சோழனுடைய படைத்தளபதி, ஒன்றில் பல்லவன், ஒன்றில் செஞ்சி நாயக்கர் காலத்துப் பாளையக்காரர். நாலாவதில் எந்த ராஜா என்று எழுதியவருக்கே தெரியவில்லை. ஆனால் ராஜ வம்சம் என்பதில் மட்டும் சந்தேகமில்லையாம்.

இந்த நாலு வீட்டுத் தாத்தாக்களையும் நான் பார்த்திருக்கிறேன். வெள்ளாற்றுத் தண்ணீரை நம்பிச் சம்பா போட்டு, அறுப்புக்கு முன்னால் ஈரத்திலேயே உளுந்து தெளித்து, கிஸ்தி கட்ட நகையை அடகு வைத்து மீட்டவர்கள். கௌரவமான மனிதர்கள். அவர்களைப் பற்றிப் புத்தகத்தில் ஆளுக்கு இரண்டு வரிதான். ‘விவசாயம் செய்து வந்தார், தெய்வபக்தி மிக்கவர்.’ ராஜாவுக்கு மட்டும் ஆறு பக்கம்.

இது என்ன நியாயம் என்பதுதான் என் கேள்வி. பெற்ற தாத்தாவுக்கு இரண்டு வரி, பார்க்காத ராஜாவுக்கு ஆறு பக்கம்.

இந்தப் புத்தகங்களின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் அத்தியாயம் ராஜராஜ சோழன் காலம். அடுத்த அத்தியாயம் 1900. நடுவில் ஒன்பது நூற்றாண்டு ஒரே தாவலில் போய்விடுகிறது. ஏன் அப்படி என்றால், நம்மூர்ச் சாதாரணக் குடியானவனைப் பற்றிய காகிதம் 1800ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்கு மேலே போக வழி குறைவு. ஹைதர் கலாபம் என்று நம் ஆயாக்கள் சொன்னார்களே, அது கதையில்லை. 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினார்கள். அந்த வருஷங்களில் இந்தப் பக்கத்து ஊர்கள் சூறையாடப்பட்டு, குடிகள் சிதறி, வேறு ஊர்களில் போய் ஒண்டினார்கள். 1801இல்தான் கர்நாடக நவாபிடமிருந்து கும்பெனியார் நாட்டை முழுதாக வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு ரயத்தின் பெயருக்கும் தீர்வை போட்டுப் பட்டா கொடுக்கிற வழக்கம் அதற்குப் பிறகுதான் இங்கே நிலைத்தது. ஆக, அரசாங்கத்துக்கு நம் தாத்தாவின் தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட அவசியம் வந்ததே வரி வாங்கத்தான். அதற்கு முன்னால் இருக்கிற இருட்டில் ஆளாளுக்கு ஒரு ராஜாவைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறோம். இருட்டில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம், கேட்க ஆளில்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பதிவுத் துறையில் குப்பை கொட்டியவன். பழைய பத்திரங்களைப் படித்துப் படித்துக் கண் கெட்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், குடியானவனின் வம்சத்தைத் தேடக் காகிதம் இல்லாமலில்லை. ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுங்கள். ‘தென்னாற்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுக்கா’ என்று தொடங்கி, இன்ன கிராமம், இன்னார் குமாரர், இன்ன ஜாதி, சிவமதமா வைஷ்ணவமா, பூஸ்திதி ஜீவனமா வியாபார ஜீவனமா என்று எல்லாம் வரிசையாக வரும். அப்பன் பெயர் அதிலேயே இருக்கிறது. எதற்காக விற்றான் என்பதும் இருக்கும். மகள் கல்யாணம், கிஸ்தி பாக்கி, மாடு வாங்க, தகப்பனார் வாங்கிய கடன். ஒரு மனிதனின் கஷ்டகாலம் நாலு வரியில் தெரிந்துவிடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது சக்குபந்தி. நிலத்துக்கு நாலு எல்லை எழுதுவார்கள் அல்லவா, அதில் பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் பெயரும் வந்துவிடும். உங்கள் பாட்டனார் பெயரில் ஒரு பத்திரமும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். பக்கத்து நிலத்துக்காரன் விற்ற பத்திரத்தில் அவர் கிழக்கு எல்லையாக நின்றுகொண்டிருப்பார். இப்படி எல்லையிலேயே பிடித்துப் பிடித்து மூன்று தலைமுறை போனவர்களை எனக்குத் தெரியும். முதலாம் புத்தகத்தில் பதிவான பத்திரத்துக்கு மனுப் போட்டுக் கட்டணம் கட்டினால் யாருக்கும் நகல் கிடைக்கும், சட்டமே அப்படித்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு ஜோசியரிடம் போய்க் கோத்திரம் கேட்டு வம்ச வரலாறு எழுதுகிறார்கள்.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் எப்படியோ, நமக்கு இது அப்படி. குழப்பமும் இதனால்தான் வரும், எந்த நடேசன் எந்த நடேசன் என்று தலை சுற்றும். ஆனாலும் நூல் அறுந்துபோகாது.

பெண்கள் விஷயம் தனி. 1989க்கு முந்தின பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மகள்கள் பெயரே இராது, இருந்தாலும் கல்யாணச் செலவு பற்றிய வரியில் எண்ணிக்கையாக இருக்கும். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் பெயர் வர ஆரம்பித்தது. எனக்கு வந்த நாலு புத்தகத்திலும் ஆலமரம் முழுக்க ஆண்கள். ஆண்களாகவே பெற்று ஆண்களாகவே வளர்ந்த மரம்.

இப்போது அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வருவோம். எனக்குப் பேரன் முறையாகிற பையன் ஒருவன் நியூஜெர்சியில் படிக்கிறான். அவன் வகுப்பில் ஒரு பையனுடைய முன்னோர் 1700களில் கனெக்டிகட்டில் விவசாயம் பார்த்தவராம். என்ன பயிர் வைத்தார், எத்தனை பசு இருந்தது, சாகும்போது எந்தப் பிள்ளைக்கு எந்த வயல் எழுதினார் என்றெல்லாம் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ‘நமக்கு அப்படி உண்டா தாத்தா?’ என்று போனில் கேட்டான். அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்றால், கிரயப் பத்திரமும் உயிலும், செத்தவர் வீட்டுச் சட்டி பானை முதற்கொண்டு எழுதிய பட்டியலும் இருக்கின்றன. சர்ச்சில் ஞானஸ்நானப் புத்தகம். இதற்கெல்லாம் மேலே மக்கள்தொகைக் கணக்கு. 1790இல் முதல் கணக்கெடுப்பு, வீட்டுத் தலைவன் பெயரோடு. 1850 முதல் சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவர் பெயரும். 72 வருஷம் கழிந்ததும் பெயர் எழுதிய தாளையே பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் வருஷத்துக் கணக்கு 2022இல் வெளியானது. நம்மிடமும் 1871 முதல் கணக்கெடுப்பு உண்டு. ஆனால் நமக்குக் கிடைப்பது மொத்த எண்ணிக்கைதான். 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி பெயர் எழுதிய படிவத்தை யாரும் பார்க்க முடியாது, எத்தனை வருஷம் ஆனாலும்.

இதைக் கேட்டதும், பார்த்தாயா வெள்ளைக்காரன் எவ்வளவு ஒழுங்கு என்று நம்மவர்கள் சொல்வார்கள். பொறுங்கள். சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவர் பெயரும் என்று சொன்னேன் அல்லவா. 1850, 1860 இரண்டு கணக்கெடுப்பிலும் அடிமைகளுக்குத் தனித் தாள் போட்டார்கள். அதில் உடைமைக்காரன் பெயர் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, கறுப்பா கலப்பா. அடிமையின் பெயர் கிடையாது. கரும்பு, பருத்தி, புகையிலை, நெல் எல்லாம் விளைவித்தவர்களுக்கு அந்த நாட்டின் கணக்கில் பெயர் வந்தது 1870இல்தான். கறுப்பினக் குடும்பங்கள் வம்சம் தேடிப் போகும்போது அந்த வருஷத்தில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அலெக்ஸ் ஹேலி எழுதித் தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்று வந்த புத்தகத்தைப் பலர் படித்திருப்பீர்கள். அதில் அவர் சொன்ன வம்சாவளி சரிதானா என்று பின்னால் ஆராய்ச்சிக்காரர்கள் கேள்வி எழுப்பினார்கள். எழுப்பட்டும். அந்த மனிதர் பாட்டி சொன்ன பேச்சை நம்பிப் போனதற்குக் காரணம், பாட்டனாரின் பெயரை எழுதவேண்டியவன் எழுதாமல் விட்டதுதான்.

நம்மூருக்குத் திரும்புவோம். நம் பட்டாவில், சிட்டாவில், செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரில் இருப்பது யார் பெயர்? நிலத்துக்குரியவர் பெயர். அதைப் பார்த்து ‘எங்கள் முன்னோர் உழவர்’ என்று எழுதிக்கொள்கிறோம். இரண்டு காணி வைத்துக்கொண்டு தானே ஏர் பிடித்துத் தானே மடை திறந்தவர்கள் நம்மூரில் ஏராளம், அவர்கள் அப்படி எழுதிக்கொள்ளலாம். பதினைந்து காணி நஞ்செய் வைத்திருந்தவர் எப்படித் தனியாக உழுதார்? ஒரு காணி நடவு என்றால் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு நாள் முழுக்கக் குனிந்திருக்க வேண்டும். நாற்று பறிக்க, அண்டை வெட்ட, களை எடுக்க, அறுக்க, களத்தில் போரடிக்க, இரவில் காவல் காக்க எத்தனை பேர்? அவர்களில் ஒருவர் பெயராவது அந்தப் புத்தகங்களில் இருக்கிறதா? 1969இல் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்தது, அதனால் குத்தகைக்கு உழுதவர் சிலருக்குக் காகிதம் கிடைத்தது. கூலிக்கு உழுதவருக்கு அதுவும் இல்லை.

அந்த நாள் ஆட்களுக்கு நம் பக்கத்தில் படியாள் என்று பெயர். படி அளந்து கொடுப்பதால் படியாள். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுத்து, 1918இல் புத்தகமாகப் போட்டார். அதில் ஒரு கிராமம் நம் பழைய தென்னாற்காட்டு ஜில்லாவைச் சேர்ந்த இருவேல்பட்டு. படியாள் எப்படி உண்டானான் என்பது அதில் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கடன் வாங்குவான், அடைக்கிற வரையில் அந்தப் பண்ணையில் வேலை செய்வதாக ஒப்புக்கொள்வான், கடன் அடையாது, அவன் மகன் தலையில் இறங்கும். அடிமை வியாபாரத்தைச் சட்டம் ஏற்காது என்று கும்பெனியார் 1843இலேயே எழுதிவிட்டார்கள். எழுதி எழுபது வருஷம் கழித்தும் இதுதான் நிலைமை.

இதிலே ஒரு விசித்திரம் இருக்கிறது. நம் தாலுக்காவில் இருந்த படியாளின் பெயர் நம் தாலுக்கா ஆபீசில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பனில் போய் இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகக் கொண்டுபோனார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். அதில் தென்னாற்காட்டுக்காரர் கணிசம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், அப்பன் பெயர், வயது, ஜாதி, உயரம், ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் இருக்கிற மச்சம், தழும்பு வரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், அதற்காக எழுதியதுதான், அன்பினால் இல்லை. ஆனால் எழுதினார்கள். இன்று அங்கே இருக்கிற ஒரு பெண் தன் கொள்ளுப்பாட்டனுக்கு இடது தோளில் தழும்பு இருந்தது என்று சொல்ல முடியும். அவன் கூடப் பிறந்தவன் ஒருவன் கப்பல் ஏறாமல் இங்கேயே நின்று நம் வயலில் வேலை செய்து செத்திருப்பான். அவனுடைய பேரப்பிள்ளைகளுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. கடல் கடந்து அடிமைப்பட்டவனுக்குக் கிடைத்த வம்ச வரலாறு, சொந்த ஊரில் இருந்தவனுக்கு இல்லை.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் இங்கே ஊர் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலீஷ் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதின ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் படுகிற பாடு சொல்லி முடியாது. வந்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது, நீங்கள் என்ன ஆட்கள் என்று. போனவருடைய ஜாதியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தத் தெருவுக்கு வழி காட்டுவது என்று நமக்குத் தெரியுமாம்.

நந்தனாரை நினைத்துப் பாருங்கள். நம் வட்டாரத்தில் அந்தக் காலத்து உழைப்பாளி ஒருவர் பெயர் இத்தனை நூற்றாண்டு தாண்டி நிற்கிறது என்றால் அவர் ஒருவர்தான். சுந்தரர் தம் தொண்டர் வரிசையில் திருநாளைப்போவாரைச் சேர்க்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கொள்ளிடக்கரை ஆதனூர் என்று ஊரும் சொல்கிறார், பெயரும் சொல்கிறார், பிழைப்பும் சொல்கிறார். ஊர்ப்பணிக்காக விட்ட நிலத்தில் வாழ்ந்து, கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழ் வீணைகளுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். ஒரு பண்ணையாருக்கு அடங்கி, வயல் வேலை முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்று தடுக்கப்பட்ட நந்தன் சேக்கிழாரிடம் இல்லை. அவரை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் தம் கீர்த்தனைகளில் கொண்டுவந்தார். பாரதியார் கண்முன்னால் படியாளும் பண்ணையாளும் நிரம்பியிருந்தார்கள், அதைப் பார்த்து எழுதினார் என்பது என் எண்ணம். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது அந்தப் பெயரைத்தான் வைத்தார். நந்தனார் பள்ளி என்றால் நம்மூரில் தெரியாதவர் இல்லை. என் தாம்பூலப் பைக்கு வந்த நாலு புத்தகத்தில் ஒன்றிலாவது ‘எங்கள் வீட்டு நிலத்தில் நந்தன் போன்ற ஒருவர் இருந்தார்’ என்று ஒரு வரி? இல்லை. தளபதிகள்தான் இருக்கிறார்கள்.

இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது எழுந்த ஆட்சேபணைகளையும் சொல்லிவிடுகிறேன். ‘பழைய புண்ணை ஏன் சார் கிளறுகிறீர்கள்?’ என்றார் ஒருவர். புண் அவருடையது இல்லை. யாருக்குப் புண்ணோ அவர்கள் கேட்டால் நிறுத்திக்கொள்ளலாம். நான் பேசிப் பார்த்த வரையில் அவர்கள் கேட்பது வேறு. ‘எங்க தாத்தா பேரு உங்க வீட்டுக் கணக்குல இருக்குமா ஐயா?’ என்றுதான் கேட்கிறார்கள். இன்னொருவர், ‘எங்கள் வீட்டில் ஆட்களைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தோம்’ என்றார். நல்லது. பிள்ளை மாதிரி என்றால் பெயர் தெரிந்திருக்குமே, எழுதுங்கள் என்றேன். இரண்டு பேர் பெயர் நினைவு இருந்தது அவருக்கு. இரண்டும் கூப்பிடுகிற பெயர்தான். வைத்த பெயரோ அப்பன் பெயரோ தெரியவில்லை.

மூன்றாவது ஒரு பெரியவர் சொன்னதுதான் யோசிக்கத் தக்கது. ‘ராஜா கதையால் யாருக்கு நஷ்டம்? பிள்ளைகளுக்கு ஒரு பெருமை இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்றார். நஷ்டம் இருக்கிறது. 1901 கணக்கெடுப்பில் ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி ஜாதிகளை மேல் கீழாக வரிசைப்படுத்தச் சொன்னார். உடனே ஊரூராக மனுக்கள் பறந்தன, நாங்கள் க்ஷத்திரியர், நாங்கள் இன்னார் வம்சம் என்று. அதற்கென்றே அப்போது புத்தகங்கள் எழுதினார்கள். இன்று தாம்பூலப் பையில் வருவது அந்தப் புத்தகங்களின் பேரப்பிள்ளை. ஒருவன் தன்னை ராஜா என்று எழுதிக்கொண்டால் பக்கத்துத் தெருக்காரனைக் குடிமகனாக எழுதுகிறான் என்று அர்த்தம். கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று அடிதடி வரும்போது இந்தப் புத்தகத்தைத்தான் சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

சர்க்காரையும் விடுவதற்கில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் என்ற பரம்பரை உத்தியோகங்களை ஒரே நாளில் ஒழித்தது. ஒழிக்க வேண்டியதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கர்ணம் வீட்டில் இருந்த கணக்குகளில் எது வந்து சேர்ந்தது, எது பரணிலேயே தங்கிவிட்டது என்று யாரும் சரிபார்க்கவில்லை. பிறகு தென்னாற்காடு 1993இல் இரண்டாகப் பிரிந்தது, சிதம்பரம் தாலுக்காவிலிருந்து புவனகிரி தாலுக்கா பிரிந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு லாரி கட்டு இடம் மாறியது. 2011 கடைசியில் தானே புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது எத்தனை வீட்டுப் பரணில் எத்தனை பெட்டி நனைந்ததோ. எழுபத்தைந்து வருஷம் கடந்த அடங்கலையும் பழைய பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டையும் படமெடுத்துப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பதற்குப் பெரிய செலவாகாது. பள்ளிப் பதிவேட்டை ஏன் சொல்கிறேன் என்றால், எத்தனையோ கூலிக் குடும்பங்களுக்கு அப்பன் பெயரோடு பிள்ளை பெயர் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது அங்கேதான்.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க நம் வயதுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் நம் கையில் இருப்பதைப் பேசுகிறேன். நிலம் வைத்திருந்த வீடுகளில் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் பட்டா, கிஸ்தி ரசீது, ஜாதகம் எல்லாவற்றுக்கும் அடியில் சின்னச் சின்னச் சீட்டுகள் கிடக்கும். ஆள் கடன் சீட்டு. இன்ன ஊர் இன்னான் மகன் இன்னான், மகன் கல்யாணத்துக்காக இத்தனை ரூபாய் வாங்கிக்கொண்டு வேலை செய்து கழிப்பதாக எழுதி, கீழே கைநாட்டு. படியாள் என்ற மனிதனுக்கு அப்பன் பெயரோடு, ஊரோடு, அவன் கட்டைவிரல் ரேகையோடு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே காகிதம் பல குடும்பங்களுக்கு அதுதான். அதைத்தான் இப்போது எரிக்கிறார்கள். வெட்கப்பட்டு எரிப்பவர்கள் உண்டு, பழைய பேப்பர்காரனுக்குப் போடுபவர்கள் உண்டு, வம்பு வரும் என்று பயப்படுபவர்களும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது, அந்தக் கடன்கள் எல்லாம் அன்றே செத்துவிட்டன. சீட்டுக்கு இப்போது கடன் மதிப்பு ஒன்றுமில்லை. அதில் இருக்கிற பெயருக்குத்தான் மதிப்பு, அந்தப் பெயரும் உங்களுடையது இல்லை.

எங்கள் வீட்டுப் பெட்டியில் பதினோரு சீட்டு இருந்தது. பெரியப்பா காலத்தது, மிகப் பழையது 1922. ஆறு பேருடைய குடும்பத்தைக் கண்டுபிடித்து, நகல் எடுத்துக்கொண்டு, அசலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒரு வீட்டில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். வேறொரு வீட்டில் வாங்கிப் படித்துவிட்டு, என் எதிரிலேயே கிழித்து அடுப்பில் போட்டார் அந்தப் பெரியவர். பெயரை மட்டும் பேரனிடம் சொல்லி நோட்டில் எழுதச் சொன்னார். அது அவர் உரிமை. யார் பெயரையும் இங்கே போடவில்லை, அதை அந்தந்த வீட்டார்தான் போட வேண்டும்.

மீதி ஐந்து இருக்கிறது. இரண்டில் ஊர்ப் பெயரைக் கரையான் அரித்துவிட்டது, அப்பன் பெயர் தெளிவாக இருக்கிறது. மூன்று வெள்ளாற்றுக்கு வடகரை ஊர்கள். அந்தப் பக்கத்தில் எண்பது வயது தாண்டிய பெரியவர்கள், ஆண்களோ பெண்களோ, யாராவது இருந்தால் பிள்ளைகளோடு ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பழைய கூட்டெழுத்து, படிக்கக் கஷ்டமாக இருக்கும். நான் படித்துச் சொல்கிறேன்.